கோறளையும் டிவிசனும்
(ஊவா மலைகளின் கதை – பகுதி 9)

கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை போகம்பறையில் தலை வெட்டுண்டது 1818 நவம்பர் 26ஆந் திகதி. சென்ற பகுதியை அங்கேதான் நிறுத்தியிருந்தோம். ஆனால் ஊவாவின் தலைவிதியை எழுதிய நாள் எதுவென்று கேட்டால், அதற்கு ஐந்து நாள் முந்திய திகதியைத்தான் நான் சொல்வேன். நவம்பர் 21ஆந் திகதி தேசாதிபதி பிரவுண்றிக் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கண்டித் தலைவர்களிடம் இருந்த அதிகாரத்தின் பெரும்பங்கு அன்றோடு ஆங்கிலேய ஏஜெந்துமாரின் கைக்குப் போனது. ரட்டேமஹத்தயா இருந்தார், கோறளை என்ற உட்பிரிவுக்குக் கோறளையார் இருந்தார், அவர்களுக்குரிய மரியாதையும் இருந்தது. ஆனால் வழக்கைத் தீர்ப்பதும் வரியை நிர்ணயிப்பதும் பதுளையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார உத்தியோகத்தரின் வேலையாகிவிட்டன.

இந்தப் பகுதியில் போர் இல்லை. எல்லைக் கோடுகள், கச்சேரிகள், ரயில் நிலையங்கள், தோட்டத் தொழிலாளரின் லயங்கள்தான் இருக்கின்றன. ஒரு மாகாணத்தை யார் யார் எப்படியெல்லாம் கூறுபோட்டார்கள், அந்தக் கூறுகளில் எதில் நம்மவர்களான தோட்டத் தமிழர் எண்ணப்பட்டார்கள், எதில் விடுபட்டார்கள் என்பதுதான் விஷயம். நிர்வாகப் பிரிவு என்றால் பரீட்சைக்குப் படித்து மறந்துவிடும் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிறப்புச் சாட்சிப்பத்திரத்துக்காக ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, இழந்து பஸ் ஏறிப் போனவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

கண்டி அரசர் காலத்து ஊவா ஒரு பெரிய திசாவனி. அதற்கு முன்பே பதுளை ஓர் அரச நகராகவும் இருந்திருக்கிறது. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கமுள்ள ரந்தெனிவெலவில் படையோடு அழிந்தான். கண்டியரின் நிர்வாகப் பிரிப்பு நிலத்தைப் பார்த்துச் செய்தது. மேட்டில் உடுகிந்த, யட்டிகிந்த, வியலுவை. அங்கே படிவரிசையாக இறங்கும் வயல், ஓயாவிலிருந்து வெட்டிய வாய்க்கால். கீழே இறங்கினால் வெல்லஸ்ஸ, பிந்தனை, புத்தல, வெல்லவாய. அங்கே சேனைப் பயிரும் குளமும் காடும். உப்பும் கருவாடும் கிழக்குக் கரையிலிருந்து மேலே ஏறும், மலைப் பொருட்கள் கீழே இறங்கும். மேட்டையும் பள்ளத்தையும் ஒரே திசாவனியில் வைத்திருந்ததற்கு இந்த ஏற்ற இறக்கமே காரணம்.

1833இல் இதை உடைத்தார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கண்டி இராச்சியத்தின் நிலப்பரப்பு துண்டு துண்டாக்கப்பட்டுக் கரையோர மாகாணங்களோடு ஒட்டப்பட்டது. கீழ் ஊவாவும் வெல்லஸ்ஸவும் தென் மாகாணத்துக்குப் போயின. பிந்தனை கிழக்கு மாகாணத்துக்குப் போனது. மேல் ஊவா மட்டும் மத்திய மாகாணத்தில் மிஞ்சியது. வெல்லஸ்ஸக் கிராமவாசிக்குத் தலைநகர் காலி, பிந்தனைக்காரருக்குத் திருகோணமலை என்றால் நம்பமுடிகிறதா? 1818 கிளர்ச்சியின் நினைவு அப்போது பதினைந்து வயதுப் பிள்ளை. மலைநாட்டார் மறுபடி ஒன்றுகூடக்கூடாது என்ற எண்ணம் அந்தக் கோடுகளில் இருந்தது. இதில் பெரும்பாலானோர் உடன்படுகிறார்கள், நானும் அப்படியே கருதுகிறேன். நிர்வாகத்துக்கே இது ஒத்துவராமல் போனதால், அறுத்தெடுத்த பகுதிகள் பின்னால் படிப்படியாக மத்திய மாகாணத்தோடு சேர்க்கப்பட்டன. ஆனால் கண்டிக் கச்சேரிதான் தலைமை. பதுளையில் இருந்தது ஓர் உதவி அரசாங்க அதிபர் மட்டுமே.

அந்த உதவி அதிபர்களில் ஒருவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்ற மனிதர். அந்தக் கணக்கை எழுதியவர்கள் எல்லாரும் பெருமையாகவே எழுதியிருக்கிறார்கள், இன்று வாசிக்கும்போது வயிறு கலங்குகிறது. அவரே நீதவான், அவரே படைத் தளபதி, அவரே வரி வசூலிப்பவர், ஊவாவின் பாதைகளை வகுத்தவரும் அவரே. ஒரே ஆளிடம் இத்தனை தொப்பிகள் இருந்ததைப் பார்த்தால், பதுளை அன்று எவ்வளவு தூரத்து ஊராக இருந்தது என்பது புரியும். 1845 ஜூன் 7ஆந் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து ரொஜர்ஸ் மாண்டார். பதுளை நகரில் நிற்கும் சென். மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது.

அவர் போட்ட பாதைகளில் ஏறி வந்தது கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் சேனையையும் அரசின் சொத்தாக்கியது. ஏக்கர் கணக்கில் அவை ஏலம் போயின. கிராமத்தாரின் வயல் கிராமத்தாரிடமே இருந்தது, அவர்கள் மாடு மேய்த்த, சேனை வெட்டிய மேட்டுக் காடு துரைமாரிடம் போனது. இங்கிருந்துதான் ஊவாவுக்கு இன்னொரு பிரிப்பு முளைக்கிறது. அரசாங்கத்தின் காகிதத்தில் உடுகிந்தவும் யட்டிகிந்தவும் இருக்க, தோட்டக்காரரின் காகிதத்தில் ஹப்புத்தளை, பதுளை, மடுல்சீமை, மொனராகலை என்று நடுகை மாவட்டங்கள் உருவாகின. பெர்கசன் வெளியிட்ட டைரக்டரியில் தோட்டங்கள் இந்த நடுகை மாவட்டங்களின் கீழேதான் அணிவகுக்கும்: தோட்டத்தின் பேர், சொந்தக்காரர், துரை, ஏக்கர். எந்தக் கோறளை என்று தேடினால் அலுத்துப்போவீர்கள்.

கோப்பியைக் கொன்ற இலைநோயும் ஊவாவில்தான் முதலில் தலைகாட்டியது. 1869இல் மடுல்சீமையில் ஒரு தோட்டத்து இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் கண்டார்கள். அன்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி முடிந்தது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து பழம் பறித்து ஊர் திரும்பிய தமிழ்க் கூலியாள், தேயிலைக்கு ஆண்டு முழுக்கத் தேவைப்பட்டார். லயம் நிரந்தரமானது, குடும்பம் நிரந்தரமானது. ஆனால் எந்தக் கிராமத்தின் இடாப்பிலும் அந்தக் குடும்பத்துக்கு இடமில்லை.

1886 பெப்ரவரியில் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் ஊவாவைத் தனி மாகாணமாக்கினார். வட மத்திய மாகாணத்துக்கு அடுத்து வந்த எட்டாவது மாகாணம் இது. ஒன்பதாவதான சப்ரகமுவ 1889இல் வந்தது. பதுளைக்கு முழு அரசாங்க அதிபரும் முழுக் கச்சேரியும் கிடைத்தன. கண்டித் தலைவர்களுக்கு இதில் மகிழ்ச்சி, ஒரு காலத்து ஊவா திசாவனி பேரளவிலாவது திரும்பிவந்தது. தோட்டத் துரைமாருக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது: ரயில். 1885இல் நானுஓயாவரை வந்து நின்றிருந்த ரயில் பாதையை மலை முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் கொண்டுவரவேண்டும் என்று அவர்கள் நச்சரித்தார்கள். புதிய அரசாங்க அதிபர்களில் ஒருவரான ஹெர்பர்ட் வைட் 1893இல் ஊவா மாகாணக் கைநூலை வெளியிட்டார். அதே ஆண்டு ரயில் ஹப்புத்தளைக்கு வந்துசேர்ந்தது.

ஊவாவின் நகரங்களை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தது கச்சேரியா ரயிலா என்றால், ரயில் என்றே சொல்லவேண்டும். 1894இல் பாதை பண்டாரவளையை அடைந்தது. பிறகு நெடுங்காலம் அங்கேயே நின்றது! அந்தக் காத்திருப்புத்தான் பண்டாரவளையின் அதிர்ஷ்டம். பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, பதுளைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் பண்டாரவளைக்கு வந்தாகவேண்டும், தோட்டங்களுக்கான அரிசி மூட்டை அங்கிருந்து போயாகவேண்டும். வண்டிப்பேட்டை, அரிசிக் கிட்டங்கி, துணிக்கடை, அடகுக்கடை என்று இந்திய வியாபாரிகளின் கடைவீதி நீண்டது. குளிர்ந்த காற்று தேடி வந்த வெள்ளையருக்கு ஹோட்டலும் எழும்பியது. 1924இல் ரயில் ஒருவழியாகப் பதுளைக்கு இறங்கியபோது, கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றரில் பாதை முடிந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரை நிலையத்துக்கு அடியில் பாதை வளைந்து நுழையும் சுற்றையும் இன்று உலகமே வந்து படம் பிடிக்கிறது. அதைப்பற்றி நான் எழுதத் தேவையில்லை. பதுளை மாகாணத் தலைநகர், ஆனால் வர்த்தகத்தில் பண்டாரவளையின் முந்திய பிடி இன்றும் தளரவில்லை.

மற்ற நகரங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஹப்புத்தளை ஒரு முகட்டு ஊர், இரண்டு பக்கமும் நிலம் சரிகிறது. தெற்கே பார்த்தால் கடலோரச் சமவெளி வரை தெரியும், வடக்கே ஊவாப் பள்ளத்தாக்கு. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதென்ன அங்கிருந்து சில மைல். தியத்தலாவை முகாம் ஊராகத்தான் வளர்ந்தது. 1900இல் தென்னாபிரிக்கப் போர்க்கைதிகளான போவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அடைக்கப்பட்டார்கள், இன்று அது இராணுவ நகரம். வெலிமடை வயலும் காய்கறியும் சூழ்ந்த ஊர். பசறையும் லுணுகலையும் பிபிலை வழியாக மட்டக்களப்புக்கு இறங்கும் பழைய பாதையில் உட்கார்ந்திருக்கின்றன. மஹியங்கனை மலையடிவாரத்துப் புனித நகர். பதுளை மாவட்டத்திலேயே இருந்தாலும் அதன் வெயிலும் வாழ்க்கையும் வேறு.

இனித் தோட்டத்துக்குள் போவோம். அரசாங்கத்தின் அதிகாரம் கேற்றடியில் நின்றுவிடும் இடம் இது.

தோட்டம் என்றால் ஒரே துண்டு இல்லை. மேல் டிவிசன், கீழ் டிவிசன், நடு டிவிசன், பக்கத்துச் சின்னத் தோட்டத்தை வாங்கிச் சேர்த்திருந்தால் அதன் பழைய பேரில் இன்னொரு டிவிசன். ஒவ்வொரு டிவிசனுக்கும் தனி லயங்கள், தனிப் பிள்ளைக் காம்பரா, தனிக் கோயில், தனிச் சுடுகாடு. டிவிசனுக்குள் நம்பர் போட்ட மலைகள்: ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. மலைக்குள் நிரை. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும், ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பிரித்துப் பேர் வாசித்து, இன்ன கங்காணிக்கு இன்ன மலை என்று பிரித்தனுப்புவார். கொழுந்து நிறை குறைந்தாலோ பிந்தி வந்தாலோ அரைப்பேர். சின்னத்துரை டிவிசனைப் பார்ப்பார், பெரியதுரை முழுத் தோட்டத்தை. இது வேலைப் பிரிப்பு மட்டுமாக இருந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் முதலில் பதிவது தோட்டத்து ஆபீசில். காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால் பத்துச்சீட்டு. கடன் தீர்த்தால்தான் விடுவிப்பேன் என்று எழுதிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்தால், அது தோட்டத்துத் தபால் பையில் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்துக்கு வரும். கதவுக்கு இலக்கம் உண்டு, ஆனால் முகவரி தோட்டத்தின் பேரில்தான். வேலைக்கடிதமும் பல்கலைக்கழகக் கடிதமும் ஆபீசு மேசையில் கிடந்து திகதி தப்பிய கதைகள் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

ஒரு டிவிசன் ஒரு கோறளையில், அடுத்த டிவிசன் அடுத்த கோறளையில் என்று விழுந்த தோட்டங்களும் இருந்தன. அது யாருக்கும் பிரச்சினையாகவில்லை. கோறளையாருக்குத் தோட்டத்தில் வேலையில்லை, தோட்டத்தாருக்குக் கோறளையாரிடம் வேலையில்லை.

இப்படி ஒரே நிலத்தில் ஆளுக்கொரு நிர்வாகம் வைப்பது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. அதே காலத்தில் வட ஆபிரிக்காவில் அல்ஜீரியாவைப் பிரெஞ்சுக்காரர் பிரித்த விதத்தைப் பாருங்கள். 1848இல் அல்ஜியர்ஸ், ஒரான், கொன்ஸ்தந்தீன் என்று மூன்று மாவட்டங்களை உண்டாக்கினார்கள். ஐரோப்பியக் குடியேறிகள் திரண்டிருந்த ஊர்களுக்கு மேயர், தேர்தல், சபை என முழு உரிமை. உள்நாட்டு மேட்டுநிலங்களில் பூர்வீகக் குடிகள் பெரும்பான்மையாக இருந்த இடங்களைக் கலப்பு ஊராட்சிகள் என்று பேரிட்டு, தேசாதிபதி நியமித்த நிர்வாகியிடம் விட்டார்கள். அவருக்குக் கீழே காயித் என்ற உள்ளூர்த் தலைவர். நம் ரட்டேமஹத்தயாவின் உறவுக்காரர் போலிருக்கிறார். சுற்றுவட்டத்து அரபுக் கிராமங்கள் சிலவற்றைக் குடியேறிகளின் ஊர்களோடு இணைத்து, அவர்களின் வரியில் வெள்ளையர் தெருவுக்கு விளக்குப் போட்ட கதையும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே நிலத்தின் சொந்தக்காரர்கள் ஒதுக்கப்பட்டார்கள். இங்கே நிலத்தை உருவாக்கிய தொழிலாளியும், நிலத்தை இழந்த கிராமத்தாரும் இரண்டு வேறு பிரிவுகளில் அடைக்கப்பட்டு, ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்க்க விடப்பட்டார்கள். இந்தப் பார்வையின் விலையை ஊவா பிறகு கொடுத்தது.

அரசு இந்தப் பிரிப்பைச் சட்டமாக்கியும் வைத்தது. குடிசன மதிப்பீட்டில் நகர், கிராமம் ஆகியவற்றோடு தோட்டம் என்று மூன்றாவது வகை. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் 10 பேருக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் இருந்தால் அது தோட்டம். 1911 மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிப்பும் முதன்முறையாக வந்தது. 1927ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டம் உயரத்தை வைத்து இன்னொரு கோடு போட்டது. மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. இடைநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. குளிருக்குக் கம்பளி வேண்டும் என்று கூடுதல் இரண்டு சதம்!

கிராம நிர்வாகத்திலும் கதவு சாத்தப்பட்டது. 1871 முதல் கிராமச் சபைகள் சட்டப்படி இயங்கின. 1937இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளருக்கு அதில் வாக்கில்லை என்றார்கள். இந்திய அரசு ஆட்சேபித்தது. அதன்பின் இனத்தின் பேரை எடுத்துவிட்டு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் எவருக்கும் இல்லை என்று மாற்றினார்கள். முடிவு ஒன்றேதான்.

இந்தப் பின்னணியில்தான் 1940 மே மாதத்தை வாசிக்கவேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கண்டிப் பக்கம் முல்லோயாவில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். வேலைநிறுத்த அலை தெற்கே ஊவாவுக்கு நகர்ந்தது. பதுளைக்குப் பக்கத்து வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்து விவகாரங்களை அந்தச் சபையோடு கலந்து பேசியே செய்வதாகத் துரை ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துக்கொண்டார்கள். கிராமச் சபையில் வாக்கில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் சொல்லப்பட்ட மக்கள், தாமே ஒரு சபையை உண்டாக்கித் துரையை அதன் முன் உட்காரவைத்தார்கள். ஊவாவின் நிர்வாகப் பிரிவுகளைப் பட்டியல் போடும் எந்தப் புத்தகத்திலும் வெவஸ்ஸ சபை இல்லை. என் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. லங்கா சமசமாஜக் கட்சியினர் பதுளையில் கூட்டம் போட்டார்கள். பிறகு பெரு வெள்ளம் வந்து, ஒரு வாரத்துக்கு மேல் ஊவா மற்ற நாட்டோடு தொடர்பில்லாமல் துண்டிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பொலிஸ் அடக்குமுறை வேலையை முடித்தது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா வென்றார். மாகாணத் தலைநகரின் பிரதிநிதிகளில் ஒருவர் தோட்டத் தமிழரின் ஆள். அந்த நிலை ஒரு பாராளுமன்றக் காலம் மட்டும் நீடித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து வாக்கைப் பறித்தன. 1952இல் ஏழும் போயின. இதில் கணக்குப் பார்க்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பதுதான் சோல்பரி அரசியலமைப்பின் கணக்கு. தொகுதி பிரித்தபோது லயத்துத் தலைகளும் எண்ணப்பட்டன. தலை எண்ணிக்கையால் வந்த ஆசனம் அங்கேயே இருந்தது, தலைக்குரியவருக்கு வாக்கு மட்டும் இல்லை. மலைநாட்டுத் தொகுதிகளில் வாக்களித்த ஒவ்வொருவரின் வாக்குக்கும் அதனால் கூடுதல் கனம்.

அதன்பின் கோடுகள் வேகமாக மாறின. 1959இல் பதுளை மாவட்டத்தின் கீழ்நாட்டுப் பாதியைப் பிரித்து மொனராகலை மாவட்டம் அமைத்தார்கள். மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்த பழைய திசாவனி மாகாண மட்டத்தில் மட்டும் மிஞ்சியது. 1963இல் பழைய விதானைமார் முறை போய்க் கிராம சேவகர் வந்தார். பேர் மாறினாலும் தோட்டத்தில் இன்றும் அவர் விதானைதான். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரை இப்போது வெள்ளைக்காரர் இல்லை, ஆனால் ஆபீசும் செக்ரோலும் அப்படியே. 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போயின. மடுல்சீமையும் நமுனுகுலையும் இன்று பங்குச் சந்தையில் அறியப்படும் கம்பனிப் பேர்கள்.

இன்றைய கணக்கு இது. பதுளை மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், மொனராகலையில் 11. பதுளையும் பண்டாரவளையும் மாநகர சபைகள், ஹப்புத்தளை நகர சபை, மீதி 15 பிரதேச சபைகள். தேர்தலுக்கென்றால் வேறு கோடு: பதுளை மாவட்டத்தில் 9 தொகுதிகள். கண்டியர் காலத்து வியலுவை அந்தப் பட்டியலிலும் கல்வி வலயத்தின் பேரிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது, பிரதேச செயலகப் பட்டியலில் இல்லை. 2012 மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தின் எட்டு இலட்சத்துச் சொச்சம் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். 15 செயலகம் என்பது குறையில்லை. ஏழு இலட்சம் பேர் வாழும் நுவரெலியா மாவட்டம் அண்மைக் காலம்வரை வெறும் 5 செயலகங்களோடு காலம் தள்ளியது. ஆனால் ஊவாவில் செயலகம் அருகில் இருந்தாலும், அதற்குள் தமிழில் ஒரு விண்ணப்பம் கொடுப்பது தனிப் போராட்டம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்கீழ் 1999இல் மாவட்டத்தின் பல பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமாகின. பிரகடனத்துக்கும் கருமபீடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவுதான் 2018வரை மிகப் பெரிய தடையாக இருந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளர் நாற்காலியிலும் உட்காரலாம். ஆனால் சபை நிதியில் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அது கம்பனியின் நிலம். தன் லயத்துக்கு முன்னால் உடைந்து கிடக்கும் வடிகாலைப் பார்த்துக்கொண்டே, கிராமத்து வடிகாலுக்குக் கை உயர்த்தி வாக்களித்த உறுப்பினர்கள் பசறையிலும் ஹல்துமுல்லையிலும் இருந்தார்கள். 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டு, பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது.

அதற்கு நாலு வருடம் முன்பு நடந்தது மீரியாபெத்தை. கொஸ்லந்தையில் அம்பிட்டிகந்த தோட்டத்தின் டிவிசன் அது, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவு. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. மண்சரிவு அபாயம் உண்டு, இடம்பெயருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் அதிகாரிகள். எங்கே பெயர்வது? கிராமத்தாருக்கானால் வேறு காணி கேட்க ஒரு வழி இருந்தது. லயத்தில் இருப்பவருக்கு இருக்கும் இடமே கம்பனியுடையது, போகச் சொல்வது அரசு, காணி கொடுக்கவேண்டியது யாரென்று இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்தன. புதைந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தது. தப்பியவர்களுக்காக மக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. அந்த வீடுகளுக்கு இலக்கமும் உண்டு, முகவரியும் உண்டு.

வெவஸ்ஸவை ஒரே பத்தியில் தாண்டிப்போனது பற்றி வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அடுத்த பகுதி முழுக்க 1940 மே மாதத்துப் பதுளையில்தான்: சபை எப்படி அமைந்தது, துரை எப்படி இறங்கிவந்தார், வெள்ளம் வந்த வாரத்தில் என்ன நடந்தது.

(தொடரும்)